ஒரு மில்லிமீட்டர் தமனியில் எட்டுத் தையல்

எலியில் உறுப்பு மாற்று ஆய்வுக்கு நுண் அறுவை பழகுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே எலியில் தைத்துப் பழகச் சொல்கிறார்கள். இது சரியா? எதில் தொடங்கலாம்?
— முதுகலை மாணவி

சரியில்லை. முடிச்சே விழாத கைக்கு எலி எதையும் கற்றுத்தராது. ஓர் உயிர் வீணாகும், அவ்வளவுதான்.

பழைய ரப்பர் கையுறையில் தொடங்குங்கள். ஒரு துண்டை அட்டையில் இழுத்து ஒட்டி, 5 மி.மீ. நீளத்துக்குக் கீறி, 10 மடங்கு உருப்பெருக்கத்தில் 10-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலால் தையுங்கள். ஊசியை நடுவுக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். நுனியைப் பிடித்தால் மழுங்கிவிடும். நுழைக்கும்போது நேராகத் தள்ளாதீர்கள். வளைவின் போக்கிலேயே சுழன்று வெளியே வரட்டும். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது நரம்புக் கோளாறு அல்ல, நாற்காலிக் கோளாறு. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் ஓரம் வரை மேசையில் முழுக்கப் படிந்திருக்க வேண்டும். விரல்கள் மட்டுமே அசைய வேண்டும்.

அடுத்து கோழித் தொடை. கறிக்கடையில் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். தசைகளைப் பிரித்தால் தடித்த வெள்ளை நரம்பு தெரியும். அதை ஒட்டியே தமனி ஓடும். அதை வெட்டி, மறுபடி இணைத்து, ஒரு முனையில் சிரிஞ்சு வழியாக வண்ணநீர் செலுத்திப் பாருங்கள். கசியவில்லை என்றதும் எழுந்துவிடாதீர்கள். தைத்த இடத்தை நீளவாக்கில் பிளந்து உள்பக்கத்தைப் பாருங்கள். முன்சுவரோடு எதிரே உள்ள பின்சுவரையும் சேர்த்துத் தைத்திருந்தால் அங்கேதான் தெரியும். தொடர்ந்து ஐந்து இணைப்புகள் கசிவோ பின்சுவர்ப் பிடிப்போ இல்லாமல், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் எலிக்குப் போகலாம் என்பது எங்கள் அளவுகோல்.

கேள்வி: எலியின் தொடைத் தமனியைத் தைத்தேன். கசிவில்லை, ரத்தம் நன்றாக ஓடியது. கால் மணி நேரத்தில் அடைத்துக்கொண்டது. நாலு முறை இதேதான். தையலில் என்ன தப்பு?
— ஆய்வக உதவியாளர்

தப்பு பெரும்பாலும் தைப்பதற்கு முன்பே நடந்திருக்கும். தமனியைச் சுற்றி மெல்லிய, பஞ்சு போன்ற வெளியுறை ஒன்று உண்டு. அதன் இழை ஒன்று குழாய்க்குள் நுழைந்தால் போதும், ரத்தத் தட்டணுக்கள் அதில் வந்து ஒட்டி வெள்ளைக் கட்டியாகத் திரளும். வெட்டிய முனையில் அந்த உறையைச் சட்டைக்கையை இழுப்பதுபோல முன்னால் இழுத்து, ஒரே வெட்டாக நறுக்குங்கள். பிடியை விட்டதும் மீதி உறை பின்னால் ஒதுங்கி, முனை பளிச்சென்று தெரியும்.

அடுத்த காரணம் ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கி. சுவரின் முழுத் தடிமனையும் பிடித்தால் உட்படலம் நசுங்கும். நசுங்கிய இடத்தில் ரத்தம் உறையும். வெளியுறையை மட்டும் பிடியுங்கள், அல்லது மூடிய ஃபோர்செப்ஸை உள்ளே விட்டு எதிர் அழுத்தம் மட்டும் கொடுங்கள். வெட்டிய முனைகளை மில்லிலிட்டருக்கு 100 யூனிட் ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த சலைனால் (உப்புநீர்), உள்ளே ஒரு சொட்டு ரத்தம்கூட நிற்காதபடி கழுவுங்கள். குழாய் சுருங்கிக்கொண்டால் இழுத்து விரிக்காமல் ஓரிரு சொட்டு லிக்னோகெயின் (மரப்பு மருந்து) விட்டுக் காத்திருங்கள்.

இனி தையல். 1902-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரல் காட்டிய வழி, வட்டத்தை மூன்று புள்ளிகளாகப் பிரிப்பது. அதிலிருந்து வந்த பழக்கம்தான் முதல் இரண்டு தையல்களை 180 பாகையில் போடாமல் 120 பாகை இடைவெளியில் போடுவது. அப்படிச் செய்தால் பின்சுவர் தானாகத் தொங்கி விலகி நிற்கும், ஊசியில் சிக்காது. விளிம்பிலிருந்து ஊசி நுழையும் தூரம் சுவர்த் தடிமனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டாம். 1 மி.மீ. தமனிக்கு எட்டுத் தையல் போதும். கடைசி இரண்டு நூல்களை முடிச்சிடாமல் விட்டு, அந்த இடைவெளி வழியாக உள்ளே எட்டிப் பார்த்த பிறகு இரண்டையும் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் மூன்று சுற்று. விளிம்புகள் தொட்டுக்கொண்டால் போதும், இறுக்க வேண்டாம்.

குழாய் துடிப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அடைபட்ட குழாயும் நீளவாக்கில் முன்னும் பின்னும் துடிக்கும். திறந்த குழாய் பக்கவாட்டில் விரிந்து சுருங்கும். சந்தேகம் இருந்தால், தையலைத் தாண்டி ரத்தம் போகும் பக்கத்தில் இரண்டு ஃபோர்செப்ஸால் குழாயை மெல்ல மூடி, தொலைவில் உள்ளதை நகர்த்தி இடைப்பகுதியைக் காலியாக்குங்கள். பிறகு தையல் பக்கத்து ஃபோர்செப்ஸைத் திறங்கள். சட்டென்று நிரம்பினால் திறந்திருக்கிறது. இந்தச் சோதனையும் சுவரைக் காயப்படுத்தும், அடிக்கடி வேண்டாம். ஆனால் 20 நிமிடம் காத்திருந்து ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள். தட்டணுக் கட்டி திரளும் நேரம் அதுதான்.

கேள்வி: எலியின் வயிற்றில் இரண்டாவது இதயம் வைக்கும் முறையில் ரத்தம் எந்த வழியாக ஓடுகிறது? எங்கள் எலிகளில் சில பின்னங்கால்களை இழுத்து நடக்கின்றன. ஏன்?
— ஆய்வு மாணவர்

1969-இல் ஓனோவும் லிண்ட்சேயும் விவரித்த முறை இது. கொடை இதயத்தின் பெருந்தமனி, பெறும் எலியின் சிறுநீரகங்களுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பெருந்தமனியின் பக்கவாட்டில் இணையும். நுரையீரல் தமனி கீழ்ப்பெருஞ்சிரையின் பக்கவாட்டில் இணையும். ரத்தம் கொடைப் பெருந்தமனிக்குள் தலைகீழாக வந்து, மூடிய வால்வில் முட்டி, இதயத் தசைக்கான தமனிகளுக்குள் போகும். அங்கிருந்து வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல் தமனி வழியாகச் சிரைக்குத் திரும்பும். இடது கீழறைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. இதயம் துடிக்கும், ஆனால் எலியைத் தாங்காது. அதனால்தான் ஒட்டிய இதயம் நின்றாலும் எலி உயிரோடிருக்கிறது.

கால் இழுப்புக்குக் காரணம் கீழ்ப்பாதிக்கு ரத்தம் போகாததே. தைக்கும்போது பெருந்தமனியை மூடிவைக்கும் கிளாம்ப் நெடுநேரம் இருந்திருக்கலாம். அரை மணிக்குள் எடுக்கப் பாருங்கள். அல்லது பெருந்தமனியில் ரத்தக் கட்டி நின்றிருக்கலாம், தையல் எதிர்ச்சுவரையும் இழுத்துக் குழாயை ஒடுக்கியிருக்கலாம். கீறலின் நீளம் கொடைத் தமனியின் வாய் அளவுக்குச் சரியாக இருக்கட்டும்.

கிளாம்பை எடுத்ததும் ஊசித் துளைகளில் ரத்தம் கசியும். உடனே இன்னொரு தையல் போடத் துடிக்காதீர்கள். பஞ்சுக்குச்சியால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். 300 கிராம் எலியின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 20 மி.லி.தான். 2 மி.லி. போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது; மனிதருக்கு அரை லிட்டர் போனதற்குச் சமம். பஞ்சில் ஊறுவதையும் கணக்கில் சேருங்கள். கொடை இதயம் தைத்து முடியும்வரை பனிநீரில் நனைத்த துணிக்குள் இருக்க வேண்டும். ரத்தம் பாய்ந்த பிறகு 37 டிகிரி சலைன் ஊற்றுங்கள். முதலில் நடுங்கும், பிறகு சீராகத் துடிக்கும்.

பயிற்சிக் காலத்தில் லூயிஸ் எலியிலிருந்து லூயிஸ் எலிக்கே மாற்றுங்கள். இந்த உள்ளின எலிகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றே என்பதால் நிராகரிப்பு (உடல் அயல் உறுப்பை எதிர்ப்பது) இல்லை; நின்றுபோனால் அது கையின் பிழை. வேறு இனத்துக்கு மாற்றும்போதும் முதல் மூன்று நாளுக்குள் நின்றதை நிராகரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கல்லீரல் மாற்றில் இருபது நிமிடம், இருபது நிமிடம் என்று விரட்டுகிறார்களே, ஏன்?

கல்லீரலை மாற்றும்போது, குடலிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை மூட வேண்டும். மூடினால் குடலின் ரத்தமெல்லாம் அங்கேயே தேங்கும், இதயத்துக்குத் திரும்பாது. 25 நிமிடத்தைத் தாண்டினால் பிழைப்பது அரிது. 1979-இல் கமாடா கொண்டுவந்த வளைய முறை இந்த நேரத்துக்காகவே. கொடைச் சிரையை 2–3 மி.மீ. நீள பாலிஎத்திலீன் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, முனையை வெளிப்புறமாக மடித்துக் கட்டிவிடுவார்கள். பெறும் சிரையின் வாயில் அதைச் செருகி ஒரு நூல் கட்டினால் இணைப்பு முடிந்தது. கல்லீரலுக்கு மேலுள்ள பெருஞ்சிரையை மட்டும் தைக்க வேண்டும். இதில் அடிக்கடி நேரும் பிழை, சிரை முறுக்கிக்கொண்டு செருகப்படுவது. வளையத்தில் பிடிப்பதற்காக விடும் சிறு கைப்பிடியைக் கொடை எலியிலேயே ஒரே திசையில் வைத்துக் குறியிட்டுக்கொள்ளுங்கள். எலிக்குப் பித்தப்பை கிடையாது, தேட வேண்டாம்.

கேள்வி: பயிற்சிக்கு மட்டும் என்றால் அனுமதி தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?

இல்லை. இந்தியாவில் பயிற்சிக்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கேட்க வேண்டும். தொடக்கப் பயிற்சியில் எலியை மயக்கத்திலிருந்து எழுப்பாமலே முடித்துவிடுவது நல்லது. எழுப்புவதாக இருந்தால் வலிநீக்கி பியூப்ரினார்ஃபினை வெட்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், கிலோவுக்கு 0.03 முதல் 0.05 மி.கி., 8–12 மணி நேரத்துக்கு ஒருமுறை. மறுநாள் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்தால் ரத்தம் என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அது கண்சுரப்பியின் நிறமி. எலிக்கு வலியோ தாகமோ இருக்கலாம் என்று பொருள். மருந்தையும் தண்ணீரையும் உடனே சரிபாருங்கள்.