பூட்டிய வேலிக்குள் ஒரு கறிவேப்பிலை மரம்

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் புதிதாகக் குடிவந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் புளோக்குக்குப் பின்னால் வேலி போட்ட சின்னச் சமூகத் தோட்டம் ஒன்று இருக்கிறது. யாரும் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஆனால் எப்போது போனாலும் கதவு பூட்டியே கிடக்கிறது. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகனை அழைத்துப்போக ஆசை. எப்போது போவது, யாரைக் கேட்பது, ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? உள்ளே நிற்கும் கறிவேப்பிலை மரத்திலிருந்து வீட்டில் நட ஒரு கிளை கேட்டால் தப்பாக நினைப்பார்களா?"

பூட்டைப் பார்த்துத் தயங்காதீர்கள் அம்மா, அது உங்களைத் தடுக்கப் போட்ட பூட்டு இல்லை. பப்பாளி மஞ்சள் தட்டுகிற அன்றைக்கு ராவோடு ராவாகக் காணாமல் போகும் பாருங்கள், அதை இரண்டு மூன்று தடவை அனுபவித்த பிறகு போட்ட பூட்டு. 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்ற சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இப்படி உருவான தோட்டங்கள் இன்று தீவு முழுக்க 2,000-க்கும் மேல் இருக்கின்றன. கழகம் ஆலோசனை சொல்லும், பயிற்சி தரும். ஆனால் தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பது எல்லாம் உங்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், அதிலும் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் நூலகம் மாதிரி திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆள் எப்போது இருப்பார்கள் என்றால், நம் ஊரில் விடிவதே ஏழு மணிக்கு, பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆகவே ஏழரையிலிருந்து ஒன்பதரை வரைதான் வேலை நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகவே இருப்பார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் யாராவது ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஆனால் அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும், நின்று பேச மாட்டார். டிசம்பர், ஜனவரியில் மழை விடாமல் கொட்டும் வாரங்களில் போகாதீர்கள். மண் சொதசொதவென்று கிடக்கும்போது பாத்திக்குப் பக்கத்தில் நடந்தாலே அது இறுகிப்போகும், தோட்டக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். இரண்டு ஞாயிறு போயும் ஒருவரையும் பார்க்க முடியவில்லை என்றால் உங்கள் வட்டாரத்து 'ரெசிடென்ட்ஸ் நெட்வொர்க்'கிடம் (முன்பு வசிப்போர் குழு) கேளுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் தடவை வேலிக்கு வெளியே நின்று கையசைத்து, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். ஆங்கிலம் வராத சீனத் தாத்தாவாக இருந்தால் "போலே?" (மலாயில் 'முடியுமா?') என்று ஒரே சொல், கூடவே உங்கள் பையனைக் காட்டுங்கள், கதவு திறந்துவிடும். பணம் நீட்டாதீர்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும். வாங்கிக்கொண்டு போவது என்றால், காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடு ஒரு டப்பா, காபித்தூள் சக்கை ஒரு பை. உரக்குழிக்கு இரண்டும் ஆகும். வேக வைத்த மிச்சச் சோறு, எண்ணெய், மீன் எலும்பு எதுவும் வேண்டாம், எலி வந்துவிடும்.

அப்புறம் ஒன்று, சுற்றிப் பார்க்க மட்டும் போகாதீர்கள். ஒரு அரை மணி நேரம் வேலை செய்யுங்கள். இது மரியாதைக்காகச் சொல்வதில்லை. இந்தத் தோட்டங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர் என்று ஒருவர் இல்லை, பலகையில் பெயர் எழுதிய செடி பாதிதான் இருக்கும், மீதி எல்லாம் கிழவர் கிழவிகளின் தலைக்குள் இருக்கிறது, அது குனிந்து களை பிடுங்கும்போது பேச்சுவாக்கில்தான் வெளியே வரும். நானே எங்கள் தோட்டத்தில் சேர்ந்த புதிதில், துலுக்கச் சாமந்தி மாதிரி இலை விட்டிருந்த நாற்றுகளைக் களை என்று நினைத்து ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கிப் போட்டேன். அது ஊலாம் ராஜா, மலாய்க்காரர்கள் பச்சையாகவே சாப்பிடும் கீரை. அதை நட்ட மக்சிக் (மலாய்க்கார அம்மா) என்னைத் திட்டவில்லை, ஒரு கொழுந்தைக் கிள்ளி என் வாயில் போட்டார், மாங்காய் வாசம் அடித்தது. அடுத்த வாரமே அவர் கீழாநெல்லியைக் கொத்தாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார், நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். களை எது என்று கேட்காமல் ஒரு செடியையும் பிடுங்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பையனுக்கு என்ன காட்டுவது? லக்சா இலை, பாண்டான், செரை (எலுமிச்சைப் புல்), ரோஜாக் பூ (ஒரு வகை இஞ்சிப்பூ) என்று ஒவ்வொன்றாகக் கசக்கி முகரக் கொடுங்கள் (கசக்கவும் கேட்டுவிட்டுத்தான்). தவசி முருங்கைக்கும் நம் முருங்கைக்கும் பெயரைத் தவிர ஒரு சொந்தமும் இல்லை என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் விட நான் காட்டச் சொல்வது அந்தக் கறிவேப்பிலை மரத்தைத்தான், அதுவும் இலையின் மேல்பக்கத்தை. காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், எச்சம்தான் என்று நீங்களும் சொல்வீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அது நகரும். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவை தின்னாமல் இருக்கத்தான் எச்சத்தின் வேஷம். இன்னும் சில தடவை தோல் உரித்த பிறகு அதே புழு இலைப் பச்சைக்கு மாறிவிடும், அப்போது ஒரு புல்லால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சின்னக் கொம்பு சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ நீண்டு ஒரு நெடி அடிக்கும். தொடக்கநிலை இரண்டு பையன் இதை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான். எந்தத் தோட்டத்திலும் இதை நசுக்கலாமா விடலாமா என்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும், அதில் நீங்கள் தலையிடாதீர்கள்.

முழுக்கால் சட்டை, மூடிய காலணி, கொசு மருந்து, மூன்றும் கட்டாயம். டெங்கிக் கொசு பகலில் கடிப்பது. தட்டிலோ கவிழ்ந்த மூடியிலோ தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தால் கொட்டிவிடுங்கள், அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு ஓட்டு நத்தைகள் ஊர்ந்துகொண்டிருக்கும், பிள்ளைகளுக்கு எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வெறுங்கையால் தொட விடாதீர்கள். மூளைக் காய்ச்சல் வரவழைக்கும் ஒட்டுண்ணிப் புழு அவற்றில் இருக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கொடுத்தனுப்பும் கீரையையும் நன்றாக அலசுங்கள்.

இனி உங்கள் கறிவேப்பிலை. கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், கேட்காமல் பறித்தால்தான் தப்பு. (பூங்காவிலும் அரசு நிலத்திலும் அனுமதி இல்லாமல் பறிப்பது சட்டப்படியே குற்றம்.) ஆனால் முதல் நாளே கேட்காதீர்கள், மூன்றாவது ஞாயிறு கேளுங்கள், அதற்குள் அவர்களே கையில் ஒரு கொத்து திணித்திருப்பார்கள். அப்படியே கேட்டாலும் கிளை கேட்காதீர்கள். முருங்கை, கற்பூரவள்ளி மாதிரி வெட்டி நட்டால் தழைக்கும் சாதி இல்லை இது, பத்துக் குச்சி நட்டால் பத்தும் காய்ந்து போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மரத்தின் அடியைச் சுற்றிப் பாருங்கள், தாய் வேரிலிருந்து சின்னச் சின்னக் கன்றுகள் எழும்பியிருக்கும், அதில் ஒரு சாண் உயரத்துக் கன்று ஒன்றைக் கேளுங்கள். எப்படியும் அவர்கள் பிடுங்கிப் போடுவதுதான். வெடுக்கென்று இழுத்தால் வேர் இல்லாத வெறும் குச்சிதான் கையோடு வரும், அதனால் சுற்றி மண்ணைத் தோண்டி, தாய் வேரில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும்படி கத்தியால் வெட்டித் தரச் சொல்லுங்கள். கறுப்பாகப் பழுத்த பழம் கிடைத்தால் அதுவும் நல்லது, சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே ஊன்றுங்கள், காயவைத்த விதை முளைக்காது.

வீட்டுக்கு வந்ததும் இலையில் பாதியைக் கிள்ளிவிட்டு, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள், பிறகு வெயில் நன்றாக விழும் பக்கம் மாற்றுங்கள். புளோக்கின் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. முதல் மாதம் மிச்ச இலையும் ஒவ்வொன்றாகக் கொட்டும், செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.