கேசட் கடைக்காரர் பதில்கள்: ‘வாழை’ பார்த்த கோபமும் அழுகையும்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் இளைஞர்கள் சேர்ந்து மாரி செல்வராஜின் ‘வாழை’யைத் திரை கட்டிப் போட்டார்கள். புரொஜெக்டர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன் என்ற மரியாதைக்காக. மறுநாளில் இருந்து கடிதமும் வாட்சாப்புமாக வந்துகொண்டே இருக்கிறது. அதனால் வழக்கமாக வரும் அரசியல், சமையல் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

படம் பார்க்காதவர்களுக்காக: இது 2024 ஆகஸ்டில் வந்த படம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லாத சிவனைந்தன் என்ற பள்ளிக்கூடப் பையன், லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போயே ஆகவேண்டிய நிலை. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பள்ளியில் டான்ஸ் பழகப் போய்விடுகிறான். அன்றைக்குப் பார்த்துத் தார் ஏற்றிய லோரி கவிழ்ந்து, அதில் போன அவன் அக்காவும் ஊர்க்காரர்களும் சாகிறார்கள். இயக்குநரின் சொந்தச் சிறுவயதில் இருந்து வந்த கதை. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக ஒரு படம் பார்ப்போம் என்று வந்தால் இப்படி அழவிட்டு அனுப்புகிறீர்களே! அழுவதற்கு வீட்டில் விஷயமா இல்லை?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

இருக்கிறது அண்ணே. ஆனால் வீட்டு விஷயத்துக்கு நாம் அழுவதில்லையே, சத்தம்தானே போடுகிறோம்.

என் கடை அனுபவம் ஒன்று சொல்கிறேன். வீடியோ டேப்பை ஒரே இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி மறுபடி பார்த்தால் அந்த இடம் தேய்ந்து படத்தில் வெள்ளைக் கோடு விழும். சண்டைப் படக் கேசட் என்றால் சண்டையில் கோடு. பாட்டுக்கு ஓடிய படம் என்றால் பாட்டில் கோடு. மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990இல் வந்தது. அந்தக் கேசட்டில் கோடு விழுந்தது எங்கே தெரியுமா? கடைசியில் அந்தச் சின்னக் குழந்தையை எழுப்பப் பார்ப்பார்களே, அங்கே. காசு கொடுத்து எடுத்துப் போனவர்கள், ரிமோட் கையில் இருந்தும், ஓட்டிவிடாமல் அந்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்தக் கேசட்டை எடுத்தவர்களில் ஆண்கள் நிறைய. ‘வீட்டுக்காரி கேட்டாள்’ என்று சொல்லித்தான் எடுப்பார்கள்.

இன்னொரு வகை ஆளும் உண்டு. அவர்களிடம் இருந்து கேசட் கடைசிக் கால் மணி நேரம் ஓடாமல், அப்படியே பாதியில் நின்றபடி திரும்பி வரும். நீங்கள் இந்த வகை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்த முறை இடைவேளையில் எழுந்து போய் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போங்கள். முதல் பாதியே தனியாக ஒரு நல்ல படம்தான்.

முதல் பாதி நல்ல படமா? ரஜினி ரசிகன் கமல் ரசிகன் சண்டை, டீச்சர் பின்னால் சுற்றுவது, டீச்சரின் கைக்குட்டை. இதையே காட்டிவிட்டுக் கடைசியில் சாவைக் கொண்டுவந்து போடுகிறார். இது ஏமாற்று வேலை.
— இளைஞர், கோல கங்சார்

தம்பி, அந்த விபத்து நடக்கும் நேரத்தில் பையன் சந்தோஷமாக ஆடிக்கொண்டு இருக்கிறான். அதுதான் பிறகு அவனை மனதுக்குள் கொல்கிறது. அந்தப் பள்ளிக்கூடமும் டீச்சரும் அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கு முழுசாகக் காட்டாமல் விட்டிருந்தால், அவன் ஏன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்பது வெறும் சோம்பேறித்தனமாகப் போயிருக்கும். நமக்கும் அவன் மேல் கோபம்தான் வந்திருக்கும்.

அப்புறம், கைக்குட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள் போல. கலையரசன் நடித்த கனி, தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்பது அதே முதல் பாதியில்தான். வியாபாரி வேண்டாவெறுப்பாகச் சரி என்கிறான். கொடுத்த காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்க வேண்டுமே, ஆள்களுக்குத் தனி வண்டி கிடையாது என்றாகிறது. ஏற்றிய தார் மேலேயே உட்கார்ந்து வரவேண்டியதாகிறது. அந்த லோரி ரோட்டில் கவிழும் முன்பே, கூலி பேசிய இடத்தில் கவிழ ஆரம்பித்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு கையில் கூட்டிக் கொடுத்து மறு கையில் பிடுங்கிக்கொள்வதை நாம் பார்க்காததா?

எனக்கும் ஒரு குறை உண்டு. கடைசி இருபது நிமிடம் இசை நம்மை விடுவதே இல்லை. கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் நாங்களே அழுதிருப்போம்.

எல்லாரும் அழும்போது பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஈரமே இல்லையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஐயா, நானும் பார்த்தேன், எனக்குப் பின்னால்தான் இருந்தார்கள். ஒருவன் சிரித்து முடித்ததும் குனிந்து வெகுநேரம் சப்பாத்துக் கயிறு கட்டினான். அவன் போட்டிருந்தது சிலிப்பர். விட்டுவிடுங்கள்.

துக்கத்தை எல்லாரும் ஒரே மாதிரி காட்டவேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இயக்குநர் பாலா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாரி செல்வராஜைக் கட்டிக்கொண்ட காணொளி ஊரெல்லாம் சுற்றியது. அவருக்குப் பேச்சு வரவில்லை, இந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் பாட்டியை அழைத்து வந்திருந்தேன். படம் முடிந்ததும், ‘இது என்ன பெரிய கஷ்டம், நாங்கள் படாததா’ என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.
— பல்கலைக்கழக மாணவி

உங்கள் பாட்டியின் வயதுக்காரர்கள் ரப்பர்க் காட்டில் வளர்ந்தவர்கள். விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அம்மா பாலுக்காக மரத்துப் பட்டையை வெட்டிக்கொண்டு முன்னால் போக, பிள்ளை பின்னாலேயே போய் வெட்டுக் கோட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை உருவிப் பையில் போடவேண்டும். பிறகு பால் எடுக்கும் நேரத்தில் மங்கு மங்காக (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) வாளியில் ஊற்ற வேண்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு குலையில் இருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவது பிள்ளைகள் வேலை. கையெல்லாம் முள் குத்தும். நிறுவையில் ஏறுவது அம்மா கணக்கில். பிள்ளையின் பெயர் எந்தச் செக்ரோலிலும் (கூலிப் பதிவேடு) இருக்காது. தூரத்துக் காடென்றால் லோரியில் நின்றுகொண்டே போவார்கள். பாட்டிக்கு அது படம் இல்லையம்மா, தெரிந்த ரோடு.

பாட்டியிடம் படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவருடைய வீட்டில் முதலில் யார் தவறினார்கள், அன்றைக்குச் சின்னப் பிள்ளையான பாட்டியை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று கேளுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) சாவு விழுந்தால் சின்னப் பிள்ளைகளை ஆயாக் கொட்டகைக்கோ (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) அடுத்த லயத்துக்கோ அனுப்பிவிடுவதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். திரும்பி வரும்போது வீடு கழுவி இருக்கும்.

பசியோடு ஓடி வந்து சோற்றில் கை வைத்த பிள்ளையை, சாவு வீட்டில் தின்கிறாயா என்று அந்த அம்மா அடிக்கிறாள். பெற்றவள் செய்கிற வேலையா இது? எங்கள் வீட்டில் இதை வைத்து இன்னும் சண்டை நடக்கிறது.
— இல்லத்தரசி, பாகான் டத்தோ

மண்டபத்தில் அதிகம் முனகல் கேட்டது இந்த இடத்தில்தான். ஆண்கள் சிலர் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் இங்கேதான்.

எனக்கு ஏழு வயதில் தம்பி காய்ச்சலில் தவறினான். அன்றைய நாளில் எனக்கு நினைவு இருப்பது மைலோ. அடுத்த லயத்து அத்தை மங்கு டம்ளரில் கலந்து, மரி பிஸ்கட்டோடு கொடுத்தார். எங்கள் வீட்டில் மைலோ வாங்க வசதி கிடையாது. குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டேன். ‘பாரு, கூடப் பிறந்தவன் போய்ட்டான், இதுக்கு மைலோ கேக்குது’ என்று ஒரு பாட்டி சொன்னார். கொடுத்த அத்தைகூட ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது புரியவில்லை. தம்பிக்காக வயிறு எப்படிச் சும்மா இருக்கும்?

பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். சொந்தக்காரர்களும் அண்டை வீட்டாரும்தான் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். பெரியவர்களுக்கு அந்தப் பசி தெரிவதில்லை. பிள்ளைக்கு நேரம் வந்தால் பசிக்கும். அந்த அம்மா அடித்தது பையனை இல்லை என்றுதான் நினைக்கிறேன், கைக்கு எட்டியதை அடித்தாள். பிறகு, பிள்ளையைச் சாப்பிட விடவில்லையே என்று அழுகிறாள். நடிகை ஜானகி அந்த இடத்தில் நடித்ததற்குச் சமமாக இந்தப் படத்தில் வேறொன்றும் இல்லை. உங்கள் வீட்டுச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. ஆனால் இனி ஒரு சாவு வீட்டுக்குப் போனால், முதலில் அங்கே இருக்கும் பிள்ளைகள் பசியாறினார்களா என்று கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளை இப்படி அழவைத்துப் படம் எடுப்பது பாவமில்லையா?
— பாலர் பள்ளி ஆசிரியை

இது பழைய வழக்கு. 1996இல் ‘பொனெட்’ என்று ஒரு பிரெஞ்சுப் படம். கார் விபத்தில் அம்மாவை இழந்த நாலு வயதுப் பெண் பிள்ளை, அம்மா திரும்பி வருவாள் என்று காத்திருப்பதுதான் கதை. கூட விளையாடும் பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகக் கடவுளைப் பற்றி அவளிடம் சொல்வார்கள். நடித்த விக்டோயர் திவிசோலுக்கும் நாலு வயதுதான். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதே அவளுக்குக் கொடுத்தார்கள். நாலு வயதுப் பிள்ளை செய்தது நடிப்பா, இல்லை பிள்ளையை வருத்தி வாங்கியதா என்று அப்போதே பேச்சு. நானும் பார்த்தேன், பாதி நேரம் உங்களுடைய இதே கேள்விதான் மனதில். பிள்ளை நன்றாக நடிக்க நடிக்க எனக்குச் சங்கடம் கூடிக்கொண்டே போனது. ‘வாழை’ பையன்கள் கொஞ்சம் பெரியவர்கள், கதை அவர்களுக்குப் புரியும். அதனால் இதில் அவ்வளவு உறுத்தவில்லை.

என் கணவர் மோட்டார் விபத்தில் தவறி எட்டு மாதம். மகனுக்கு எட்டு வயது. மண்டபத்தில் படம் பார்த்ததில் இருந்து என் கைப்பேசியில் அதையே போடச் சொல்கிறான். லோரி வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு மறுபடி முதலில் இருந்து பார்க்கிறான். பள்ளியில் சிரித்து விளையாடுகிறானாம். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி. அப்பா சிங்கப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். படத்தைப் பிடுங்கிவிடவா?
— ஒரு தாய்

தங்கச்சி, பிடுங்காதீர்கள். அக்கா உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அவன் பார்க்கிறான்.

சிங்கப்பூரை விட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத்தான் போனவர் வரமாட்டார் என்பது சரியாகப் புரியாது. எட்டு வயதில் புரியும். கருமாதிக்கு ஊரே வந்து போனதை அவன் பார்த்திருக்கிறான். தெரிந்தும் உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறான் என்று நினைக்கிறேன். ‘அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார்’ என்று நேராகச் சொல்லுங்கள். தூங்குகிறார், சாமியிடம் போய்விட்டார் என்று மட்டும் சொன்னால், சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும். நீங்கள் அவன் முன்னால் அழுதால் தப்பில்லை.

விளையாடுகிறானே, மறந்துவிட்டான் போல என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குத் துக்கம் துண்டு துண்டாக வரும். பந்து விளையாடுவான், பத்து நிமிடத்தில் மூலையில் உட்காருவான், திரும்பவும் பந்து. இன்னொன்றை மெதுவாக விசாரியுங்கள்: தன்னால்தான் அப்பா போனார் என்று நினைக்கிறானா? அன்றைக்கு ஏதாவது வாங்கி வரச் சொல்லியிருப்பான், அடம் பிடித்திருப்பான். பிள்ளைகள் இப்படிக் கணக்குப் போடுவது சகஜம். படத்தில் வரும் பையனை அவன் விடாமல் பார்ப்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ‘உன்னால் இல்லை’ என்று ஒரு தடவை சொன்னால் போதாது.

வயிற்றுவலிக்கு முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் பள்ளி கவுன்சலிங் ஆசிரியரிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண் இருக்கிறது, தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999 இருக்கிறது. கூப்பிட்டால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார்கள். கட்டுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் வாரக்கணக்கில் போனாலோ, அப்பாவிடம் போகவேண்டும் என்று சொன்னாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

என்றைக்காவது அவனே லோரி இடத்தைத் தாண்டிப் பார்ப்பான். அப்போது பக்கத்தில் இருங்கள்.

இந்த மாதிரி நம் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து யார் படம் எடுக்கப்போகிறார்கள்? எல்லாம் தமிழ்நாட்டில்தான்.
— வாசகர், தாப்பா

எடுத்தாகிவிட்டது ஐயா, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2015. தோட்டத்தை விட்டு வெளியே வந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தில் அப்போய் என்ற பையன், 90களின் தொடக்கம், குண்டர் கும்பல் பக்கம் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வது. மறு ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்று பரிசு வாங்கியது, அதுவும் தமிழ்ப் படம். ‘வாழை’ போல அழவைக்காது, எரிச்சல் மூட்டும். எனக்கு அந்த எரிச்சல் பிடித்திருந்தது. அடுத்து மண்டபத்தில் அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள், திட்டினாலும் சரி. கையெழுத்து மட்டும் புரிகிற மாதிரி இருக்கட்டும்.