நெகட்டிவ் கேரியரில் கண்ணாடி தேவையா?

கேள்வி: என்லார்ஜரில் (நெகட்டிவின் பிம்பத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) 35 மி.மீ. நெகட்டிவை நன்றாக ஃபோகஸ் செய்தும், பிரிண்டில் நடுப்பகுதி மட்டும் மங்கலாக வருகிறது. கண்ணாடி கேரியர் (நெகட்டிவை இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிடிக்கும் சட்டம்) வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விளக்குச் சூட்டில் ஃபிலிமின் நடுப்பகுதி வளைந்துவிடுகிறது. விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு, வளைந்து நின்ற பிறகு ஃபோகஸ் செய்து, லென்ஸின் துவாரத்தை எஃப்/8-க்குக் குறைத்துவிடுங்கள். பேப்பர் வைக்கும்போது விளக்கை அணைக்காமல், லென்ஸுக்குக் கீழுள்ள சிவப்பு ஃபில்டரால் ஒளியை மறைத்துவிடுங்கள். அணைத்தால் ஃபிலிம் ஆறி மறுபடி நிமிர்ந்துவிடும். 35 மி.மீ.க்கு பெரும்பாலும் இதுவே போதும்.

6×7 செ.மீ. போன்ற பெரிய நெகட்டிவுக்குத்தான் கண்ணாடி அவசியம். ஆனால் இரு கண்ணாடிகளால் தூசி படிய நான்கு பரப்புகள் கூடுதலாகும். ஃபிலிமின் பளபளப்பான பக்கம் வழவழப்பான கண்ணாடியைத் தொட்டால் நியூட்டன் வளையங்கள் (பிரிண்டில் தெரியும் வளைய வடிவக் கறைகள்) விழும். எனவே, பளபளப்பான பக்கத்தைத் தொடும் மேல் கண்ணாடி ஆன்ட்டி-நியூட்டனாக (லேசான சொரசொரப்புள்ளதாக) இருக்கட்டும்.