பாதிப் படியில் நிற்கும் நாற்காலி: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, மூட்டுவலி. மாடிக்குப் போய்வர இரண்டரை வருடம் முன்பு மாடிப்படி நாற்காலி லிஃப்ட் பொருத்தினோம். மூன்று வருட வாரன்டி. மே மாதம் பத்து நாள் வெளியூர் போய்வந்ததிலிருந்து ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது. திரையில் ஓர் எண் வருகிறது, பீப் பீப் என்று கத்துகிறது. கம்பெனியில் நேரில் பார்க்காமலே ‘போர்டு (நாற்காலியை இயக்கும் மின்னணுப் பலகை) போயிடுச்சு’ என்கிறார்கள். ஏ.எம்.சி. (கட்டணம் கட்டிப் போடும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால்தான் ஆள் வருவாராம். என்ன செய்வது? (வாசகர், கோவை)

பதில்: போர்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனீர்களா?

இந்த வகை நாற்காலிகள் பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்த்து 24 வோல்ட். தண்டவாளத்தின் மேல், கீழ் முனைகளில் போய் நிற்கும்போதுதான் அவை சார்ஜ் ஆகும். பத்து நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால், இரண்டரை வருடப் பேட்டரி தேறாமலே போகலாம். இறங்கும்போது ஒழுங்காக வந்து, ஏறும்போது மட்டும் நிற்கிறதா? அப்படியானால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பாரத்தை மேலே இழுக்கத்தான் அதிக மின்சாரம் வேண்டும். பீப் சத்தமும் பல மாடல்களில் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பதற்கான எச்சரிக்கைதான்.

திரை எண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். உங்கள் கையேட்டில் மட்டும் பாருங்கள். பல எண்கள் எங்கே தடை என்று சொல்பவைதான்: கைப்பிடி இறங்கவில்லை, இருக்கை திரும்பிப் பூட்டவில்லை, இப்படி. கால் வைக்கும் பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், லேசாக உள்ளே போகும். அதன் பின்னால் சுவிட்ச் இருக்கிறது. படியில் கிடக்கும் செருப்பு இடித்தாலே வண்டி நின்றுவிடும். அப்புறம் எதிர்ப்பக்கம்தான் நகரும். அந்த இடுக்கில் ஒரு துடைப்பக் குச்சி சிக்கியிருந்தாலும் இதே கதைதான்.

நாற்காலியை ஒரு முனைக்குக் கொண்டுவந்து, சார்ஜரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஆள் இல்லாமல் ஓட்டுங்கள். சோதனைக்குத் தயவுசெய்து அம்மாவை உட்காரவைக்க வேண்டாம். பாதியில் நின்றால் அந்த வயதில் இறங்குவது ஆபத்து. மூடியையும் நீங்கள் கழற்றாதீர்கள். சர்வீஸ் ஆள் வந்ததும், ஏறும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரிதான் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சரி, ஏ.எம்.சி. விஷயம். வாரன்டி நடப்பில் இருக்கும்போது அது போட்டால்தான் வருவோம் என்பது சேவைக் குறைபாடு. ஆனால் பேட்டரிக்கு வாரன்டி காலம் குறைவாகவும் இருக்கலாம், அட்டையைப் படியுங்கள். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பில், வாரன்டி அட்டை, திரை எண்ணின் போட்டோ, ‘ஏ.எம்.சி. போட்டால்தான்’ என்று அவர்கள் எழுதிய மெசேஜ் இருந்தால் அதுவும், இன்றே எடுத்து வையுங்கள்.