கேளுங்கள், சொல்கிறேன்: மழை யார் இலாகா?

தவக்காலம் வந்தால் பழைய ஏற்பாட்டுக் கேள்விகள் குவிந்துவிடும். புதுவையில் காலமெல்லாம் வரலாற்றுப் பாடம் நடத்திய வாத்தியார் நான், பிரசங்கம் எதிர்பார்க்காதீர்கள்.

? பாகாலோடு மோத எலியா தீர்க்கதரிசி ஏன் மழையை நிறுத்த வேண்டும்? வேறு அற்புதமே கிடைக்கவில்லையா?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

ஐப்பசி, கார்த்திகைக்கு வானத்தைப் பார்த்தே பழகிய கடலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! இஸ்ரவேலிலும் மழை குளிர்காலத்தோடு சரி. கோடையில் பொட்டுத் தண்ணீர் விழாது. அந்த மழைக்கு அதிபதி என்று அந்நாட்டின் பழைய குடிகளான கானானியர் கும்பிட்டது பாகாலைத்தான். 1928-ல் சிரியாக் கடற்கரையோரம் உழுத ஒரு விவசாயியின் கலப்பையில் பழைய கல்லறை ஒன்று தட்டியது. மறு வருடம் தோண்டினால் உகாரித் என்ற நகரமே கிடைத்தது, எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளோடு. அவற்றில் பாகால் மேகத்தின் மேல் ஏறி வருகிறவன். அவன் செத்தால் வயல் வெடிக்கிறது. மீண்டால் வானம் எண்ணெயாகப் பொழிகிறது, ஓடைகளில் தேன் ஓடுகிறது.

இஸ்ரவேலின் ஆகாப் ராஜாவிடம் போய் "இனி மழை கிடையாது" என்று எலியா சொன்னது, பாகாலின் இலாகாவிலேயே கை வைத்த வேலை. பஞ்சத்தில் அவர் போய்த் தங்கிய சாரிபாத் எந்த நாட்டு ஊர்? சீதோன். பாகாலின் சொந்தச் சீமை. அங்கே ஓர் ஏழை விதவையின் பானையில் மட்டும் மாவு குறையவே இல்லை. எந்தச் சாமி நெருப்பு அனுப்பும் என்று பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரோடு கர்மேல் மலையில் எலியா வைத்த போட்டியில் இறங்கிய நெருப்பைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதற்கப்புறம் கடலிலிருந்து எழும்புகிற உள்ளங்கை அளவு மேகம்தான் கதையின் உச்சம்.

? எலியாவுக்கு நகைச்சுவை உண்டா?
(வாசகர், லாஸ்பேட்டை)

கொஞ்சம் குரூரமானது. "சத்தமாகக் கூப்பிடுங்கள், உங்கள் சாமி தூங்குகிறாரோ, வெளியூர் போயிருக்கிறாரோ" என்று 450 பேரைச் சீண்டுகிறார். அசேரா தேவியின் ஆட்கள் 400 பேரையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று வேதாகமம் மூச்சு விடவில்லை.

? யேசபேல் வந்துதானே நாட்டைக் கெடுத்தாள்?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பழியை மருமகள் தலையில் போடுவது நம் ஊரில் மட்டுமா! அவள் ஆகாபின் மனைவி, சீதோன் ராஜாவின் மகள். தன் சாமியோடு வந்தாள், கர்த்தரின் தீர்க்கதரிசிகளைக் கொல்லவும் செய்தாள். ஆனால் பாகாலுக்குக் கோயில் கட்டிய அதே ஆகாபின் மகன்கள் அகசியா, யோராம். அகசியாவில் 'யா', யோராமில் 'யோ' என்று இரண்டு பெயரிலும் கர்த்தரின் பெயரான யாவே ஒட்டியிருக்கிறது. பாகாலும் இருக்கட்டும், கர்த்தரும் இருக்கட்டும். ஆகாபுக்கு இதில் இடறலே தெரியவில்லை.

? தீர்க்கதரிசிகள் சொல்லி ஜனங்கள் கேட்டார்களா?
(வாசகி, நெல்லித்தோப்பு)

எங்கே கேட்டார்கள்! பின்னாளில் வந்த எரேமியா தீர்க்கதரிசி ஒரு காட்சி சொல்கிறார். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பா நெருப்பு மூட்டுகிறார், அம்மா மாவு பிசைகிறாள். வானராக்கினி என்ற தேவிக்குப் பணியாரம் சுடக் குடும்பமே கூடியிருக்கிறது. எதிரி அடுப்படியில் இருந்தால் எந்த மலையில் போட்டி வைப்பது?

பிறகு எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்தது. தப்பியவர்கள் எகிப்துக்கு ஓடினார்கள், எரேமியாவையும் இழுத்துக்கொண்டு. அங்கேயும் அவர் திட்ட, பெண்களும் அவர்களின் கணவர்மாரும் திருப்பிக் கேட்டார்கள்: வானராக்கினிக்குத் தூபம் காட்டிய காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்திய பிறகுதான் எல்லாக் கஷ்டமும் வந்தது, புருஷனுக்குத் தெரியாமலா பணியாரம் சுட்டோம்? எதிர்த்தரப்பு இவ்வளவு தெளிவாக வாய் திறக்கிற இடம் அபூர்வம். அதை வெட்டாமல் விட்டவர்களுக்கு ஒரு கும்பிடு.

சீனாய்ப் பாலைவனத்தில் குந்திலத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1975-76-ல் தோண்டியபோது கிடைத்த பெரிய ஜாடியில், சமாரியாவின் கர்த்தரையும் 'அவருடைய அசேரா'வையும் சொல்லி ஒருவர் ஆசி எழுதியிருக்கிறார். அசேரா என்றது தேவியையா, அவளுக்கான மரக்கம்பத்தையா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என் அத்தை சனிக்கிழமை வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு. கேட்டால், "யாராவது ஒருத்தர் கேட்கட்டுமே" என்பார். அந்த ஜாடிக்காரருக்கு அத்தையைப் பிடித்திருக்கும்.

? 1748-ல் புதுவையில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்களே, அதற்கு எலியாதானே வழிகாட்டி?
(வாசகர், கடலூர் முதுநகர்)

ஆங்கிலேயர் முற்றுகை நேரம், டூப்ளே பிரெஞ்சு கவர்னர். சம்பா கோயில் என்ற தேவாலயத்தை ஒட்டியிருந்த ஈஸ்வரன் கோயில் போயிற்று. டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் நொந்து எழுதினார். எலியாவிடம் படை கிடையாது, ராணி யேசபேலுக்குப் பயந்து பாலைவனம் ஓடியவர். ஆனாலும் அவர் கையில் ரத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். கீசோன் ஆற்றில் அந்த 450 பேரையும் கொன்றார். இடிப்புக்கு ஜோடி தேடினால் யூதாவின் யோசியா ராஜா. கி.மு. 622 வாக்கில், அரசாணையோடு போய்ப் பெத்தேல் பலிபீடத்தைத் தகர்த்து, கல்லறை எலும்புகளை எடுத்து அதன் மேல் எரித்தவர். அதே பெத்தேலுக்கு நூறு வருடத்துக்கும் முன்னால் ஆமோஸ் என்ற ஆட்டுக்காரர் வந்தார். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறீர்களே என்று கத்தியதோடு சரி, ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. அதற்கே கோயில் ஆசாரியன், "இது ராஜாவின் கோயில், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்" என்று விரட்டிவிட்டான்.