ஸ்டார் போட்டும் அம்மாவின் அழைப்பு ஒலிக்கவில்லையா?

நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது போனை சைலன்ட்டில் வைக்கிறீர்கள், கான்டாக்ட்ஸில் அம்மா எண்ணுக்கு ஸ்டார் (ஃபேவரிட் குறி) போட்டும் மணி அடிக்கவில்லை என்கிறீர்கள். கோளாறு ஸ்டாரில் இல்லை, சைலன்ட்டில்தான். ஆண்ட்ராய்டில் ஸ்டார் விலக்கு 'டூ நாட் டிஸ்டர்ப்'புக்கு (நீங்கள் அனுமதித்தவை தவிர மற்ற அழைப்புகளின் சத்தத்தை அடக்கும் வசதி) மட்டுமே உரியது. சைலன்ட் ரிங்கரையே அணைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் யார் கூப்பிட்டாலும் சத்தம் வராது.

முதலில் சவுண்ட் மோடை 'ரிங்'குக்கு மாற்றி, ரிங்டோன் வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் டூ நாட் டிஸ்டர்ப் போய், கால்ஸ் பகுதியில் ஸ்டார் போட்டவர்களை மட்டும் அனுமதியுங்கள். (கம்பெனிக்குக் கம்பெனி மெனு பெயர் கொஞ்சம் மாறும்.) அலாரம் அனுமதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஷிப்டுக்கு எழ முடியாது. அதிலேயே ஷெட்யூல் வைத்துவிட்டால் தினமும் தொட வேண்டியதில்லை.

'ரிப்பீட் காலர்ஸ்' என்பதையும் ஆன் செய்யுங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை வந்தால் ஒலிக்கும். ஐபோனில் இது 3 நிமிடம். பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டாலும் கிடைக்கும். லோன் வேண்டுமா என்று விடாமல் கூப்பிடுபவர்களும் இதே வழியாக நுழைவார்கள், அவர்களை பிளாக் செய்துவிடுங்கள்.

அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிடுபவர் என்றால், டூ நாட் டிஸ்டர்ப்பின் ஆப்ஸ் பகுதியில் அதையும் தனியாக அனுமதிக்க வேண்டியிருக்கும். அப்போது குடும்பக் குரூப்பின் காலை வணக்கங்களும் ஒலிக்கும். குரூப்களை மியூட் செய்யுங்கள். சாதாரண அழைப்பாகவே பேசச் சொல்வது இன்னும் எளிது.

தூங்கப் போகும்முன் வால்யூம் பட்டனை அழுத்திக் குறைக்காதீர்கள். ரிங்டோன் வால்யூம் முழுக்கக் குறைந்துவிட்டால் பல போன்களில் அது மறுபடி வைப்ரேட்டுக்கோ சைலன்ட்டுக்கோ கொண்டுபோய்விடும்.