முக்கோணமும் புள்ளியும் எப்படி உடலாகின்றன?

"முக்கோணமும் புள்ளியும் வரைந்துவிட்டு, இது உடலையும் காமத்தையும் பற்றிய ஓவியம் என்கிறார்களே, சாமி சின்னத்தை இப்படிப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வேலூர்க்காரர் என்பதால் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று ஆந்திராவில் இருக்கும் குடிமல்லம், 1911 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே சுமார் ஐந்தடி உயர லிங்கம் ஒன்று உண்டு. ஆண்குறியின் வடிவம் அதில் ஒளிவுமறைவில்லாமல் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்பக்கத்தில், குள்ள பூதத்தின் தோள்மேல் சிவன் நிற்கிறார். ஒரு கையில் ஆடு, தோளில் மழு. இன்றும் பூஜை நடக்கிறது. உடலையும் தெய்வத்தையும் பிரித்துப் பார்க்காத மரபு நம்முடையது.

முக்கோணங்களால் ஆன, அம்மன் வழிபாட்டு யந்திரமான ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய 4 முக்கோணங்கள் சிவன், கீழ்நோக்கிய 5 சக்தி. அவை ஒன்றையொன்று ஊடுருவுவதே கூடல், நடுவில் இருக்கும் புள்ளிதான் பிந்து. காஷ்மீர் ஓவியர் ஜி.ஆர். சந்தோஷ் 1964இல் அமர்நாத் போய்வந்த பிறகு இந்த வடிவங்களைத்தான் கையில் எடுத்தார். அவருடைய பல படங்களில் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல ஒத்திருக்கும்; தியானத்தில் அமர்ந்த உடல் ஒன்று வடிவங்களுக்குள்ளிருந்து மெல்லத் தெரியவரும்.

இதை அவமதிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. சரி, பரபரப்புக்காகச் சின்னத்தை ஒட்டவைக்கிறவர்களும் உண்டு. அந்த மாதிரி படங்களில் சின்னத்தை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. சந்தோஷின் படத்தில் அதை எடுத்தால் படமே இருக்காது.